டாக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

டாக்டர் அன்று இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுமே அக்காவைப் பற்றியவை. அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த இரண்டு கேள்விகளையும் நான் அவளிடம் கேட்கவே இல்லை. நானே பதில் சொல்லிவிட்டேன். இரண்டும் தப்பான பதில்கள். இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்திரண்டு வயதில், அக்கா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். அந்தத் தெரியாததுதான் இத்தனை வருஷமாக என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்து எடுத்துக் கொடுப்பது, நோயாளிகளின் அட்டையைத் தேடி எடுத்து வைப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது எல்லாம் என் வேலை. தாதிப் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் எல்லோரும் தாதிகளைக் கூப்பிடுவதுபோல என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. டாக்டர் சீனர், லண்டனில் படித்தவர், அதிர்ந்து பேசமாட்டார். மலாய்க்காரர்களிடம் மலாயிலும் சீனர்களிடம் கந்தோனீசிலும் பேசுவார். தமிழர்கள் வந்தால் மணியடித்து என்னை உள்ளே கூப்பிடுவார்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வயிற்றுவலியைச் சொல்லவும் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் ஆரம்பிக்கவேண்டும். யார் வந்தார்கள், என்ன கறி, எந்தப் பஸ்ஸில் திரும்பினோம் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வயிறு வரும். வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வயிற்றுவலி, மூன்று நாளாக" என்று இங்கிலீஷில் ஒரே வரியில் முடித்துவிடுவேன். போகப் போக டாக்டர் கேட்பதையும் அவர்களிடம் கேட்பதை விட்டுவிட்டேன். காரம் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டால், ஆமாம் என்பேன். யார்தான் காரம் சாப்பிடுவதில்லை? மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றால், முகத்தைப் பார்த்தே இல்லை என்பேன். பத்தில் ஒன்பது தடவை நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என் வேகத்தை டாக்டரே பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. சே, அவரை எதற்குச் சொல்கிறேன்? நானாகத்தான் கெட்டேன்.

அக்கா கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. எனக்கும் அவளுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா இறந்துபோனதால் அவள்தான் என்னைத் தூக்கி வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னை மரம் வெட்டும் கத்தியைத் தொடவே விட்டதில்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஐந்தாம் பாரம்வரை படிக்க வைத்தாள். நான் கிளினிக்கில் சேர்ந்த பிறகு தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய், "என் தங்கச்சிக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். யாருக்காவது கட்டி வந்தால், காய்ச்சல் வந்தால், என் தங்கச்சி ஞாயித்துக்கெழம வரும், அதுகிட்டக் கேப்போம் என்பாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாற்பத்தொன்பது வயதில் அக்காவுக்கு மாதவிலக்கு நின்றது. அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாள். எனக்குப் பத்து வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டேன் என்று இருந்தபோது, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ குகைக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பல வருஷம் சரியாக அந்த நாள் பார்த்துத் தூரம் வந்துவிடும். ஒரு மண்டலம் விரதம் இருந்த பிறகு, கடைசி நாளில் வீட்டோடு உட்கார்ந்து அழுவாள். எனவே அது நின்றதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இனி எந்த வருஷமும் தப்பாது பாப்பா." எனக்கு வயது முப்பதைத் தாண்டியும் அவளுக்கு நான் பாப்பாதான்.

ஆனால் சூடு பிடித்துக்கொண்டது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீ ஏறுவதுபோல் வரும் என்றாள். விடிவதற்கு முன் பனி கொட்டும் காட்டில், தலையில் துண்டும் முழுக்கைச் சட்டையுமாக மரத்தடியில் நிற்கும்போது ஆறாய் வேர்த்து ஊற்றும். தூக்கம் இல்லை. சும்மா இருக்கும்போதே அழுகை. ஒருநாள் நிரையிலிருந்து, அவள் வெட்டுகிற மரவரிசையிலிருந்து, இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, இரண்டு வாளிப் பாலையும் கொட்டிவிட்டாள். கங்காணி எல்லோர் முன்னாலும் அவளுக்கு வயசாகிப்போச்சு என்று சொன்னாராம். லயத்துப் பெண்கள் இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றார்கள். குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அந்த வெந்தயத்தைக் கேட்டதும் சுள்ளென்று ஏறியது. ஏனென்றால் கிளினிக்கில் நான் வேறொன்றைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளிகளின் மனைவிமார் காரில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கும் அக்காவின் வயதுதான், அதே சூடுதான். டாக்டர் அவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுப்பார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முகம் தெளிந்து, நகைச்சுவையாகப் பேசிக்கொண்டு போவார்கள். முதலாளி வீட்டம்மாவுக்கு மாத்திரை, தோட்டக்காரிக்கு வெந்தயமா? என் அக்காவுக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். அழைத்து வா என்றார். ஆனால் பார்க்காமல் தரமாட்டேன் என்றும் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டே எனக்கு விளக்கினார். மாதவிலக்கு இருக்கும்வரை பெண்ணின் இருதயத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, நின்றபிறகு அது போய்விடுகிறது, அதனால் இந்த வயதில் இருதயத்தைக் கவனிக்கவேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எல்லாம் சரியாக இருந்தால் மாத்திரையை யோசிக்கலாம். கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் இருந்தாலோ, முதலில் அதற்குத்தான் வைத்தியம். பசியாறாமல் வரச் சொல், ரத்தம் எடுக்கவேண்டும் என்றார். ஆக, எது வந்தால் மாத்திரை கிடைக்கும், எது வந்தால் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அக்கா விரதத்தில் இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வேளைச் சோறு, எண்ணெய் இல்லாத காய், இரவில் ஒரு வாழைப்பழம். சாதாரண நாளில் அவள் சாப்பாடே வேறு. எந்தக் குழம்பிலும் கெட்டித் தேங்காய்ப்பால் மிதக்கவேண்டும். பொரித்த கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை யாராவது காட்டுப்பன்றி அடித்தால் கொழுப்பு வைத்த துண்டாகக் கேட்டு வாங்குவாள். கோப்பியில் டின் பாலைக் கரண்டி நிற்கும் அளவுக்கு ஊற்றுவாள். அவளைத் தைப்பூசத்துக்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போனேன். எப்படியும் வெறும் வயிற்றில் இருக்கிறவள்தானே, தனியாக ஒரு நாள் பட்டினி கிடக்கவேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரதம் இருக்கிற உடம்பு, ரத்தமும் சுத்தமாக இருக்கும் என்றும் நினைத்தேன். அது திருட்டுத்தனம் என்று தெரியாமல்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி தெரிந்துதான் செய்தேன்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. அக்காவும் வந்திருந்தாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது, நல்லது என்றார். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, குடும்பத்தில் யாராவது இருதய நோயில் இறந்திருக்கிறார்களா, அப்பா எப்படி இறந்தார் என்பது. எங்கள் அப்பா நாற்பத்தைந்து வயதில், மரம் வெட்டப்போன இடத்தில், விடியற்காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். முனி அடித்துவிட்டது என்று தோட்டமே சொன்னது. அந்த நிரைக்கு அப்புறம் ஆறு மாதம் யாரும் தனியாகப் போகவில்லை. சேவல் அறுத்துக் கும்பிட்டார்கள். லண்டனில் படித்த டாக்டரிடம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் அப்பாவை முனி அடித்தது என்று நான் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. காய்ச்சலில் இறந்தார் என்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

இரண்டாவது கேள்வி, சாப்பாடு எப்போதும் போலத்தானே, இந்த ஒரு மாதத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்பது. எப்போதும் போலத்தான் டாக்டர் என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன்.

அக்கா என் முழங்கையை இடித்தாள். "என்னா பாப்பா கேக்குறாரு?"

"ஒன்னும் இல்லக்கா. நல்லா சாப்புடச் சொல்றாரு."

அக்கா டாக்டரைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். எழுதும்போது, மூன்று வாரம் முடிந்ததும் கொஞ்சம் ரத்தப்போக்கு இருக்கும், பயப்படவேண்டாம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு என்றார். அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாள் என்று தெரியும்.

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் சாமி மேடையில் முருகன் படத்துக்கு அடியில் வைத்து, அதற்கும் ஒரு கீற்றுத் திருநீறு பூசிவிட்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம், "ஒடம்புல கொழுப்பே இல்லையாம் லா, பாப்பா டெஸ்டு எடுத்துப் பாத்துருச்சு" என்று காட்டினாள். மச்சான், அதாவது அக்காவின் புருஷன், அப்ப வாயில இருக்கிறதை எந்த டெஸ்ட்டில் பார்ப்பாங்க என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த வருஷம் அவள் பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறியபோது, நான் பின்னாலேயே போனேன். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அன்றைக்கு அவளைவிட நான்தான் அதிகம் சந்தோஷமாக இருந்தேன்.

தைப்பூசம் முடிந்ததும் மாத்திரையை ஆரம்பித்தாள். சூடு போய்விட்டது, ஊதி அணைத்ததுபோல. தூங்கினாள். சிரித்தாள். கங்காணியிடம் பதிலுக்குப் பதில் பேசினாள். லயத்துப் பெண்கள் என்னைத் தனியாக ஓரம் கட்டி, எங்களுக்கும் கொண்டாயேன் என்று கேட்டார்கள். நான் ராணி மாதிரி நடந்தேன். மூன்று வாரம் முடிந்தது, ரத்தம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நின்னு போனத ஏன் பாப்பா திரும்பக் கூட்டியாந்தே?"

நான் விளக்கினேன். இது நிஜமான தூரம் இல்லை, மருந்தால் வருவது, கோயிலுக்குப் போகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன். ரத்தம் ரத்தம்தானே என்றாள்.  ஆனாலும் நான் வற்புறுத்தினதால் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும், கூட்டிக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். அவளுக்கு வேலை நாளில் வர முடியாது. நல்லா இருக்காங்க டாக்டர் என்று சொல்லி நானே அடுத்த பாக்கெட்டை வாங்கிப்போனேன். வேறு யாருடைய அட்டையிலாவது ரத்த அழுத்தத்தை எழுதாமல் விட்டால் நானே மற்றவர்களைக் கடிந்துகொள்வேன்.

அடுத்த தைப்பூச விரதம் ஆரம்பித்தபோது அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. சாப்பிடுறேன், சாப்பிடுறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பால்குடமும் எடுத்தாள். அதற்கப்புறமும் அவள் மறுபடி ஆரம்பிக்கவில்லை. சில மாதம் கழித்து, சீனி தேடப்போன நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே நான் கொண்டுபோய்க் கொடுத்த பாக்கெட்டுகள் ஒன்றும் உடைக்கப்படாமல் அடுக்கியிருந்தன. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். படிக்காதவளுக்கு நல்லது செய்யப்போனால் இப்படித்தான் என்றுகூடச் சொன்னேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்த வார்த்தையைச் சொல்வதற்கான இங்கிலீஷ், அதிகாரம், வெள்ளைச் சட்டை எல்லாமே அவள் போட்ட பிச்சை. அவள் எழுந்துபோய் எனக்குக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே மருந்துதான். அக்கா எதைச் சொன்னாலும், நீ மாத்திரையை நிறுத்தினதுதான் காரணம் என்பேன். மேட்டு நிரையில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாள். மாத்திரையைப் போடு என்றேன். தாடை இழுத்துப் பிடிக்கிறது என்றாள். பல்லைப் பார்க்கச் சொன்னேன், பிறகு மாத்திரையைப் போடு என்றேன். இடது கை வலிக்கிறது என்றபோது, வாளி தூக்குகிற கை வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் மச்சானும் சேர்ந்தே சொன்னோம். ஒரு தடவை கோப்பெங் பஸ் நிறுத்தத்துக்கு என்னை வழியனுப்ப வந்தாள். எனக்குக் கொடுக்கப் பலாப்பழத்தைக் கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவள், பஸ் வருவதைப் பார்த்துக் கொஞ்சம் ஓடினாள். ஓடினவள் நின்று, நெஞ்சின் நடுவில் கையை வைத்துக்கொண்டாள்.

"இங்க கல்ல வச்ச மாதிரி இருக்கு லா பாப்பா. கொஞ்ச நேரத்துல போயிருது. அப்புறம் வருது."

"அதே சூடுதான்க்கா. ஒன் ரத்த பேப்பருதான் அவ்ளோ நல்லா இருக்கே. பயப்படாத."

"ஆமால்ல," என்றாள். முகம் தெளிந்துவிட்டது. நான் பஸ் ஏறினேன். அவள் கை காட்டிக்கொண்டே நின்றாள்.

அந்தக் காகிதம் எந்த மாதத்துக் காகிதம், எந்த வயிற்றின் காகிதம் என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதையே அவளுக்குத் தைரியமாகக் கொடுத்தேன். பொய்யைச் சொன்னவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் காப்பாற்றுவது?

ஹார்மோன் மாத்திரையைப் பற்றிப் பிற்பாடு எவ்வளவோ படித்துவிட்டேன். ஒரு காலத்தில் அது இருதயத்தைக் காக்கும் என்றார்கள். பிறகு இல்லை என்றார்கள். ஆளைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கும் அந்த வயது வந்தது, எனக்கும் அந்தச் சூடு வந்தது. நான் மாத்திரையைக் கேட்கவில்லை. மாத்திரை கெட்டது என்பதால் இல்லை. கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. நான் அந்த மாத்திரையைக் குறை சொல்லவில்லை, டாக்டரையும் குறை சொல்லவில்லை. அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அடுப்படியில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் பாதி துருவின தேங்காய். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. என்னக்கா என்றேன். வேர்க்குது, நெஞ்சு கனமா இருக்கு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு என்றாள். எனக்குப் பயம் வந்ததா? வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. பார்த்தியா, எத்தனை தடவை சொன்னேன் என்று எரிந்து விழுந்தேன். பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு பாக்கெட்டைக் கிழித்து, மாத்திரையை அவள் வாயில் நானே போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி முழுங்கினாள். போய்ப் படு, அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றேன்.

அரை மணி நேரம் படுக்க வைத்தேன். அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு அவள் வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. மச்சான் ஓடிப்போய்க் கங்காணியின் காரைக் கொண்டுவந்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, நீ பசியாறினியா என்று ஒரு தடவை கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, மாரடைப்புத்தான் என்றார்கள். சாயங்காலம் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மலாய்க்கார டாக்டர் ஒருவர், இளம் வயது, அட்டையும் பேனாவுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்த வலி எப்போது ஆரம்பித்தது என்று மலாயில் கேட்டார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டேன். இன்றைக்குக் காலையில்தான் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான், அவரே சொல்லட்டும் என்றார். அக்கா பக்கம் குனிந்து மறுபடி மலாயில் கேட்டார்.

அக்கா மூக்கின் மேலிருந்த ஆக்சிஜன் மூடியை ஒரு கையால் விலக்கினாள். "சுடா லாமா, டாக்டர்," என்றாள்.

ரொம்ப நாளாகவே இருக்கிறது என்றுதான் சொன்னாள். முப்பது வருஷமாகக் கோப்பெங் பாசாரில் மலாய் மீன்காரர்களிடம் பேரம் பேசிப் பழகிய மலாய். தட்டுத்தடுமாறாமல் வந்தது. எங்கள் கிளினிக் டாக்டருக்கும் மலாய் தெரியும். அக்காவையும் அவரையும் பேச விட்டிருந்தால் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். விரதம் என்று சொல்லியிருப்பாள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று சொல்லியிருப்பாள், முனி அடித்ததையும் சேர்த்தே சொல்லியிருப்பாள். நடுவில் நான் ஒருத்தி நிற்கவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒரு வருஷம் இருக்கும் என்றாள். மேடு ஏறினால் வரும், நின்றால் போகும் என்றாள். கையையும் தாடையையும் தொட்டுக் காட்டினாள். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லையா அம்மா என்று கேட்டார்.

அக்கா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். அந்த முகத்தில் குற்றம் சொல்கிற பாவனை இல்லை. அப்படி இருந்திருந்தால் நான் இந்நேரம் அதை மறந்திருப்பேன். லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லும்போது இருக்குமே, அதே பெருமைதான் இருந்தது.

என் தங்கச்சிக்குத் தெரியும் டாக்டர், அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன் என்றாள், மலாயில்தான்.

டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் சொல்லப்போவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.